கல்லைத் தேர்பவர் யார்? – மாணவர் ரோபோ போட்டிகளின் ஆட்டக்காய் வரலாறு

பொறியியல் மாணவர்கள் தமிழ்த்துறையின் வாசற்படி ஏறுவது அரிது. ஏறினால், ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதித் தரச் சொல்லியோ, அழைப்பிதழில் ஒற்றுப்பிழை பார்க்கச் சொல்லியோதான் வருவர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பிற்பகல், நாம் பணியாற்றும் கலைக் கல்லூரிக்கு அடுத்த கட்டடத்தில் இயங்கும் பொறியியல் கல்லூரியிலிருந்து மூன்று மாணவர்களும் ஒரு மாணவியும் வந்து நின்றபோது அப்படித்தான் எண்ணினோம். வந்தவர்களோ, "ஐயா, ஏழு கல் விளையாட்டைப் பத்திச் சங்க இலக்கியத்துல ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டனர்.

தமிழாசிரியரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எளிதில் திரும்பிவிட முடியுமா? கழங்கிலிருந்து தொடங்கினோம். கழற்சிக்காயை மேலே எறிந்து மகளிர் பிடித்தாடியது, பெரும்பாணாற்றுப்படை காட்டும் பொற்கழங்கு, வேலன் கழங்கிட்டுக் குறி பார்த்தது, திண்ணைகளில் தட்டாங்கல்லாகவும் ஏழாங்கல்லாகவும் அவ்வாட்டம் தங்கிப்போனது என்று அரைமணி நேரம் கழிந்தது. நால்வரும் பொறுமையாகக் கேட்டனர். இறுதியில் மாணவி தயங்கியபடி கைப்பேசியை நீட்டினார். "ஐயா, இது வேற ஏழு கல்லுங்க. அடுக்கி வெச்சுப் பந்தால அடிக்கிறது."

நாமே சிறுவயதில் முதுகு சிவக்க ஆடிய ஆட்டம்! பெயர் ஒற்றுமையால் பெண்கள் திண்ணையில் ஆடியதற்கும் பையன்கள் தெருவில் ஆடியதற்கும் வேறுபாடு காணாமல் சொற்பொழிவாற்றிவிட்டோம். கைப்பேசியில் இருந்தது ஏபியூ ரோபோகான் போட்டியின் 2022ஆம் ஆண்டு விதிநூல். ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் கல்லூரி மாணவர்களுக்கான ரோபோ போட்டி அது. ஆண்டுக்கொரு நாடு விருந்தளிக்கும். ஆட்டத்தையும் அதற்குரிய பொருள்களையும் அந்நாடே வகுக்கும். 2022இல் புதுதில்லியில், தூர்தர்ஷன் பொறுப்பில் நடக்கவிருந்த போட்டிக்கு இந்தியா தேர்ந்தது 'லகோரி'. நம் ஏழு கல்லேதான்.

அன்று அந்த விதிநூலைப் புரட்டியதில் பிடித்த ஆர்வம் இன்றுவரை விடவில்லை. ரோபோவைப் பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் அந்த ரோபோ எதை எடுக்கிறது, எதை எறிகிறது, அந்தப் பொருளை யார் எதற்காகத் தேர்ந்தனர் என்பது பண்பாட்டு வரலாற்றின் எல்லைக்குள் வருவது. அங்கே நமக்கும் கொஞ்சம் நடமாட்டம் உண்டு. போட்டிக்காரர்கள் அப்பொருளை ஆங்கிலத்தில் ஆட்டத்துண்டு என்னும் பொருள்படச் சொல்கின்றனர். தமிழில் அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. சதுரங்கத்திலும் தாயத்திலும் நகர்வது காய். பல்லாங்குழியில் புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ எதைப் போட்டாலும் அதுவும் காய்தான். எனவே இக்கட்டுரை முழுவதும் ஆட்டக்காய் என்றே வழங்குவோம்.

இப்போட்டிகளின் தொடக்கத்தைத் தேடிப் போனால் இரண்டு வகுப்பறைகளில் சென்று நிற்கிறோம். ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். அங்கே 1970களில் வுடி ஃபிளவர்ஸ் என்னும் இளம் பேராசிரியர், இயந்திர வடிவமைப்புப் பாடத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான பொருள்கள் அடங்கிய பையைக் கொடுத்து, அவற்றைக் கொண்டே ஒரு கருவி செய்து எதிராளியோடு மோதச் சொன்னார். பாட எண்ணாலேயே புகழ்பெற்ற வகுப்பு அது. மற்றொன்று டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில். மனிதனை ஏறக்குறைய ஒத்திருக்கும் பொம்மை நமக்கு அச்சமூட்டுவது ஏன் என்று 1970இல் எழுதி உலகெங்கும் அறியப்பட்ட மசாஹிரோ மோரி, 1981இல் தம் மாணவர்களுக்கு ஒரு பணி தந்தார். டார்ச் விளக்குக்குப் போடும் மின்கலம் இரண்டு. அவற்றின் ஆற்றலைக் கொண்டே ஓர் ஆளைச் சுமந்து செல்லும் வண்டி செய்ய வேண்டும்.

இரண்டு மின்கலங்களில் உள்ள ஆற்றல் அற்பம். ஆளின் எடையோ ஐம்பது அறுபது கிலோ. உராய்வை எங்கெங்கே குறைக்கலாம் என்று மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து 1988இல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான முதல் ரோபோகானை நடத்தியபோதும் போட்டி இதே மின்கல வண்டிதான். ஓட்டியவரே சுமை, அதாவது அப்போட்டியின் ஆட்டக்காய் மனிதர். தேர்வுக் குழு பொருள் தேடி அலையத் தேவையில்லாத காலம்!

1990இல் இவ்விரு வகுப்பறைகளும் கைகோத்தன. இரு நாட்டு மாணவர்களையும் கலந்து அணி பிரித்து, மொழி புரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார்த்தி ரோபோ செய்ய வைத்த பன்னாட்டுப் போட்டி அவ்வாண்டு தொடங்கிற்று. ஆனால் அவை ஒவ்வொன்றிலிருந்தும் பின்னர் கிளைத்த பெரும்போட்டிகள் வெவ்வேறு வழியில் சென்றன. ஆட்டக்காயை எங்கே தேடுவது என்பதில்தான் அந்த வழிப்பிரிவு துலக்கமாகத் தெரிகிறது. அமெரிக்கர் கடைக்குப் போயினர். ஆசியர் திருவிழாவுக்குப் போயினர்.

அமெரிக்கக் கிளையை முதலில் பார்ப்போம். புதுப்புனைவாளர் டீன் கேமன் 1989இல் ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஆட்டங்களை வகுப்பதில் அவருக்குத் துணைநின்றவர் மேற்சொன்ன ஃபிளவர்ஸ். முதற்போட்டி 1992இல் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. வந்தவை 28 அணிகள். ஆட்டக்காய் டென்னிஸ் பந்து. எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள். ஆனால் ஆடுகளத்தின் மேல் மக்காச்சோள மணிகளைப் பரப்பிவிட்டார்கள். சோளத்தில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. களத்தில் காய்ந்த நெல்லின் மேல் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அவதி விளங்கும். அன்றைய மாணவர் வென்றாக வேண்டியது எதிரணியை அன்று, சோளத்தை.

அதன்பின் ஆண்டுதோறும் சனவரித் தொடக்கத்தில் புதிய ஆட்டம் அறிவிக்கப்படும் வழக்கம் ஏற்பட்டது. அதுவரை ஆட்டக்காய் இன்னதென்பது பரம இரகசியம். அறிவித்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரோபோவைச் செய்து மூட்டைகட்டிவிட வேண்டும் என்ற விதி 2019 வரை நீடித்தது. ஆகவே அறிவிப்பு நாளன்று மாணவர்கள் முதலில் ஓடுவது பட்டறைக்கன்று, கடைக்கு. காயைக் கையில் பிடித்துப் பார்க்காமல் அதை எடுக்கும் கையைச் செய்ய முடியாதல்லவா? மிதவை வளையம் (1997), துணி தைத்த தலையணை போன்ற மெத்தைத் துண்டு (1999), நெகிழிச் சேமிப்புப் பெட்டி (2003), நுரைப்பந்து (2006), தட்டெறிதலுக்கான வட்டத்தட்டு (2013), உடற்பயிற்சிக்கான பெரும்பந்து (2014), பால் புட்டிகளை அடுக்கும் கூடைக்குத் துணியுறை மாட்டிய பெட்டி (2018) என்று அந்த வரிசை நீள்கிறது. ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வண்டிக் கொட்டகையைத் திறந்து பார்ப்பது போல இருக்கிறது.

கடைப்பொருளைத் தேர்வதில் ஒரு கணக்கு உண்டு. அது ஆயிரக்கணக்கில் கிடைக்க வேண்டும். கிடைப்பதெல்லாம் ஓரளவு இருக்க வேண்டும். தலையில் விழுந்தால் காயம்படக் கூடாது. கூடத்தின் கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் கண்ணில் பட வேண்டும். முதல்முறை வரும் அணியின் ரோபோ அதைத் தள்ளவாவது வேண்டும். பத்தாண்டு பழம் தின்ற அணிக்கோ அது சலிக்கக் கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பொருளாகப் பந்தே மீண்டும் மீண்டும் வந்ததில் வியப்பில்லை. உருண்டைக்குத் தலை வால் இல்லை. எப்படிக் கிடந்தாலும் அது ஒன்றுதான். எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் எடுத்துவிடலாம்.

அதனால்தான் குழு சில ஆண்டுகளில் வேண்டுமென்றே தலைவால் உள்ள பொருளுக்குத் தாவியது. 2005இல் வந்தது நெகிழிக் குழாய்களை இணைத்துச் செய்த நான்முகக் கூடு, மூன்று கால் முக்காலியைக் கூம்பாக்கினாற்போன்ற வடிவம். கடையில் கிடைக்காதது, ஆனால் குழாயும் இணைப்பும் கிடைக்கும் என்பதால் அணிகள் தாமே செய்துகொண்டன. 2023இல் இரு காய்கள். ஒன்று சாலையோரத்தில் வைக்கும் மஞ்சள் கூம்பு, மற்றது காற்றடைத்த ஊதா நிறக் கனசதுரம். கனசதுரத்தை அமுக்கிப் பிடித்துவிடலாம். கூம்போ நின்றால் ஒரு பொருள், படுத்தால் வேறு பொருள். அதன் வாய் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதற்கேற்ப ரோபோவின் கையே மாற வேண்டியிருந்தது. கண்டுபிடிப்புக்கு அப்போது நேர்ந்த பெருக்கத்தைப் பார்க்கும்போது, தேர்வுக் குழுவின் மிக நல்ல தேர்வுகளுள் அதுவும் ஒன்று என்பது நம் கருத்து.

எல்லாத் தேர்வும் இப்படிப் பலிக்கவில்லை. 2003இன் சேமிப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உயர அடுக்குபவருக்குப் புள்ளி பெருகும் என்பது விதி. முதற்பதினைந்து நொடி ரோபோ தானாகவே இயங்க வேண்டும் என்ற புதிய விதியும் அவ்வாண்டே நுழைந்தது. நடுமேட்டில் பெட்டிகளைச் சுவராக அடுக்கிவைத்திருந்தார்கள். ரோபோக்கள் என்ன செய்தன? மேட்டில் ஏறிச் சுவரை இடித்துத் தள்ளின. வெற்றுப் பெட்டிக்கு எடையில்லை. அடுக்குவதைவிடச் சரிப்பது எத்தனையோ மடங்கு எளிது. காயின் இயல்பு விதியின் நோக்கத்தை மீறிவிட்டது. நுரைக் காய்களில் வேறொரு தொல்லை. 2016இன் பந்துகளும் 2024இன் வளையங்களும் ரோபோவின் உருளைகளுக்குள் புகுந்து புகுந்து பிய்ந்தன. 2012இன் நுரைக் கூடைப்பந்தில் புதியது ஒரு விதமாகவும் நைந்தது வேறு விதமாகவும் பறந்தது. குறிபார்க்கும் நிரலை எழுதிய மாணவருக்கு அதைக் கணக்கில் கொள்ளாமல் தீரவில்லை.

இவை குறைகள்தாம். ஆயினும் பொருள் தேய்கிறது, ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை என்பதை வேறெந்தப் பாடநூல் இத்தனை அழுத்தமாகச் சொல்லிக்கொடுக்கும்?

இனி ஆசியக் கிளை. மோரியின் வகுப்பறை வழிவந்த என்எச்கே ரோபோகானின் தொடர்ச்சியாக 2002இல் டோக்கியோவில் முதல் ஏபியூ ரோபோகான் நடந்தபோது ஆட்டத்தின் பெயரே ஃபூஜி மலையுச்சியை எட்டுவது. விருந்தளிக்கும் நாடு தன் மண்ணில் வேரூன்றிய ஒன்றை முன்வைக்கும் மரபு அங்கேயே தொடங்கிவிட்டது. 2004இல் சியோல் நகரம் ஒரு காதற்கதையைத் தந்தது. பால்வீதியின் இரு கரைகளில் பிரித்துவைக்கப்பட்ட இடையனும் நெசவுப்பெண்ணும் ஏழாம் மாதத்து ஏழாம் நாளில் மட்டும் சந்திப்பர்; அன்று பறவைகள் கூடிப் பாலமாகும். ரோபோக்கள் கட்ட வேண்டியது அந்தப் பாலத்தை. 2008இல் புனே நகரில் நடந்ததற்குப் பெயர் கோவிந்தா. உயரத்துப் பானையில் வெண்ணெய். எட்டி எடுக்க வேண்டும். மராத்தியரின் தஹி ஹண்டிதான். நம் ஊர் உறியடியை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

2014இல் மீண்டும் புனே. இம்முறை வந்த கருத்து பெற்றோர்க்கு வணக்கம். பெரிய ரோபோ பெற்றோர், சிறிய ரோபோ குழந்தை. பெற்றோர் குழந்தையைத் தூக்கிச் சென்று ஏற்றப்பலகையில் அமர்த்தும், ஊஞ்சலில் வைத்து ஆட்டும், கம்பிக்கூண்டில் ஏற விடும். எறியவும் அடுக்கவும் காய் என்று எதுவும் இல்லை, குழந்தையே காய். முப்பத்து மூன்று ஆண்டுக்கு முன் மோரியின் வண்டியில் ஏறி அமர்ந்த மாணவரின் இடத்தில் இப்போது ஒரு குழந்தை ரோபோ. திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் நமக்கு இத்தேர்வின்மேல் தனியன்பு உண்டு.

2018இல் வியட்நாமின் நிங் பிங் நகரில், வடமலைப் பகுதி மக்கள் விழா நாளில் உயர்ந்த கம்பத்து வளையத்துக்குள் எறியும் வால் தைத்த துணிப்பந்து. 2019இல் மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரில் ஷாகாய். அது ஆட்டின் கணுக்காலெலும்பு. செம்மறி, வெள்ளாடு, குதிரை, ஒட்டகம் என்று அதன் நான்கு பக்கங்களுக்கும் பெயருண்டு. எறிந்து எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பது மங்கோலியரின் தொல்விளையாட்டு. அஞ்சற்சாவடி வழியே குதிரைவீரர் செய்தி கொண்டுசென்ற பழைய முறையைக் களமாக்கி, தூதனின் அடையாளப் பலகையை ஒரு ரோபோ நாற்கால் ரோபோவின் பொறுப்பில் ஒப்படைக்க, அது மணல்மேடு கடந்து ஓடுமாறு வகுத்திருந்தார்கள். ஷாகாயை முதல் ரோபோவே எடுத்து எறிந்தது. விழும் பக்கத்துக்கேற்பப் புள்ளி.

இங்கே ஓர் இடர்ப்பாடு புலனாகிறது. உண்மையான கணுக்காலெலும்பு ஒன்றைப்போல் மற்றொன்று இராது. மங்கோலியச் சிறுவன் தன் பையில் உள்ள எலும்புகளில் எது நன்றாக உருளும், எது ஒட்டகமாக நிற்கும் என்று விரலால் அறிவான். போட்டிக்கு அது ஆகுமா? பல நாடுகளில் பல பட்டறைகளில் மாணவர்கள் பயிற்சி செய்ய வேண்டும். எலும்பை மில்லிமீட்டரில் வரைந்து, அளவைப் பன்மடங்கு பெரிதாக்கி, யார் செய்தாலும் ஒன்றே என்று ஆக்கினால்தான் போட்டி நேர்மையாக இருக்கும். ஆக்கினார்கள். சிறுவனின் விரலறிவுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று.

2021இன் சீனப் போட்டி இதை இன்னும் கூர்மையாகக் காட்டும். காய் அம்பு, எறிய வேண்டியது குடத்துக்குள். தோஹூ எனப்படும் இவ்வாட்டத்துக்குச் சீனரின் சடங்கியல் தொகுப்பான லீ ஜியில் தனி அத்தியாயமே உண்டு. விருந்துக்கு அழைத்தவர் அம்பை எடுத்து நீட்டி, தம் அம்புகள் கோணல், குடத்தின் வாயும் கோணல் என்று தாழ்த்திச் சொல்லி ஆட அழைக்க வேண்டும். விருந்தினர் மறுக்க வேண்டும். மீண்டும் அழைக்க, மீண்டும் மறுத்து, பிறகே ஏற்க வேண்டும். அம்பு எந்த மரத்தில் செய்தது, அதன் பட்டையை உரிக்கலாகாது என்பதுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. விழுந்த அம்பு துள்ளி வெளியே வராதிருக்கக் குடத்துக்குள் சிறுபயறு நிரப்புவார்களாம். ஆட்டக்காய்த் தேர்வைப் பற்றி இவ்வளவு பழைய, இவ்வளவு நுணுக்கமான குறிப்பைக் காண்பது அரிது. போட்டிக்கு விருந்தளித்தது ஷான்டோங் மாகாணத்து ஜிமோ. ஆனால் பெருந்தொற்றுக் காலம். போட்டி இணையவழியே நடந்தது. அழைப்பவரும் விருந்தினரும் ஒரே கூடத்தில் இல்லாத தோஹூ!

அடுத்த ஆண்டு லகோரி. விதிநூலை அந்த நால்வரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். ஆங்கிலத்தை அவர்கள் படிக்க, ஆட்டத்தை நாம் சொல்ல. முதலில் கண்ணில் பட்டது எண்ணிக்கை. ஏழு இல்லை, ஐந்து. அதுவும் கல் இல்லை. வட்டமான, கனமற்ற தட்டுகள். அடியில் பெரியது, மேலே போகப் போகச் சிறியது, கோயில் விமானம்போல. "ஐயா, ரெண்டு கல்லு எங்கங்க போச்சு?" என்றான் ஒருவன். நேரக்கணக்குக்காகக் குறைத்திருப்பர் என்பது நம் ஊகம். ரோபோ ஐந்தை அடுக்கி முடிப்பதற்கே பார்ப்பவர் பொறுமை சோதிக்கப்படும்.

நம்மைப் பெரிதும் கவர்ந்தது மற்றொரு மாற்றம். தெருவில் ஆடும்போது கல்லைச் சரித்த அணி மீண்டும் அடுக்க ஓடும். எதிரணி பந்தால் அவர்களை அடிக்கும். அடிபட்டவன் வெளியே. பட்டதா படவில்லையா என்பதில் எத்தனை சண்டை! சட்டையில் உரசியது பட்ட கணக்கா? தரையில் மோதி எழும்பி வந்து பட்டால்? ரோபோவுக்கு வலிக்காது, பட்டதை அது ஒப்புக்கொள்ளவும் செய்யாது. எனவே அடுக்கும் ரோபோவின் தலையில் ஒரு பந்தை வைத்துவிட்டார்கள். எதிரணியின் ரோபோ எறிந்து அதை வீழ்த்தினால் அடுக்கியது போதும் என்று பொருள். வலி என்ற ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாற்றிய அந்த உத்தியைக் கண்டு நாம் வியந்தோம். ஏழைத் தொலைத்தவர்கள்தாம் இதையும் கண்டவர்கள். இத்தகைய மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் இழப்பும் ஆக்கமும் ஒரே கையால் நடக்கின்றன என்பதை மொழிபெயர்த்துப் பார்த்தவர் அறிவர்.

ஆயினும் ஒன்று நம்மை உறுத்திற்று. ஏழு கல் ஆட்டத்தின் முதல் வேலை கல் பொறுக்குவது. ஓட்டுச்சில்லு, மடைக்கல், உடைந்த கடப்பைக்கல் என்று தேடி, தட்டையானதா என்று தரையில் வைத்துப் பார்த்து, அடிக்கல்லுக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என வரிசைப்படுத்துவதற்கே கால் நாள் ஆகும். சரியாத அடுக்கு வேண்டும் நமக்கு. எளிதில் சரியும் அடுக்கும் வேண்டும். இந்த முரணைக் கல்லில் தேடிக் கண்டடைவதே ஆட்டத்தின் பாதி அறிவு. போட்டியில் அந்தப் பாதி ஒரு குழுவின் மேசையில் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்காக மாணவர் ஓராண்டு உழைக்கின்றனர். நேர்மைக்கு அது தேவை என்று மேலே நாமே சொன்னோம், இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேர்மைக்கும் ஒரு விலை உண்டு. அளவு எல்லார்க்கும் ஒன்று. அந்த அளவில் காயைச் செய்துகொள்ளும் வசதி எல்லார்க்கும் ஒன்றாக இல்லை.

அந்த நால்வரும் பயிற்சிக்கான தட்டுகளைச் செய்தது கடைத்தெருவில் உள்ள பஞ்சுமெத்தைக் கடையில். கழிவு நுரையை அடுக்கி ஒட்டி, மெத்தைக்காரர் கத்தியால் வட்டமாக அறுத்துத் தந்தார். மேலே துணியுறை தைத்தவர் மாணவியின் தாயார். அவர்களின் ரோபோ அந்த மெத்தையின் மென்மைக்குப் பழகிக்கொண்டது. எவ்வளவு அழுத்திப் பிடித்தால் நழுவாது என்பதை அந்தத் துணியிலேயே கற்றது. வேறொரு நுரையில், வேறொரு பரப்பில் அந்தக் கணக்கு செல்லாது என்பது அவர்களுக்கே தெரியும். சரியான நுரையை வரவழைக்கப் பணம் கேட்டு எழுதிய விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. காணொளிச் சுற்றைத் தாண்டி அவர்கள் தேசியப் போட்டிக்குள் நுழையவில்லை. அமெரிக்கர் டென்னிஸ் பந்தையும் பால்கூடையையும் தேர்ந்ததன் அருமை நமக்கு அப்போதுதான் உறைத்தது. திருவிழாப் பொருளுக்குக் கதை இருக்கிறது, கடைப்பொருளுக்கு விலைச்சீட்டு இருக்கிறது; ஏழை அணிக்கு விலைச்சீட்டே உதவி. இதை எழுத நமக்கு மகிழ்ச்சி இல்லை. கதைகளின் பக்கம் நிற்பதே நம் தொழில்.

ரோபோகானும் அந்தத் திசையில் சற்றே நகர்கிறதோ என்று ஐயுற இடமிருக்கிறது. 2024இல் வியட்நாமின் குவாங் நிங் மாகாணம் அறுவடைத் திருநாளைத் தந்தது. நாற்று நட்டு, மணியுள்ளதையும் பதரையும் பிரித்துக் குதிரில் சேர்க்க வேண்டிய ஆட்டம். நெல் விளையும் நாட்டவர் எவருக்கும் உரை தேவைப்படாத தேர்வு. அதற்கடுத்த ஆண்டு உலான்பாட்டரில் நடந்ததோ கூடைப்பந்து. ஷாகாய் தந்த அதே நகரம் ஆறாண்டு கழித்து எந்தக் கடையிலும் கிடைக்கும் பந்தைத் தந்திருக்கிறது. மாணவர்க்கு அது எளிது. பார்ப்பவர்க்கும் விதியை விளக்க வேண்டியதில்லை. கணுக்காலெலும்பைப் பற்றி இக்கட்டுரையில் ஒரு பத்தி எழுதினோம். கூடைப்பந்தைப் பற்றி எழுத நமக்கு ஒரு வரிக்குமேல் வரவில்லை.

2022இன் கோடையில், தேர்வுகள் முடிந்த ஒரு மாலை, அந்த மாணவர்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள திடலுக்கு நம்மை அழைத்தார்கள். அவர்களுள் நிரல் எழுதியவன் நகரத்தில் வளர்ந்தவன். ஓராண்டு ஏழு கல்லோடு வாழ்ந்தும் ஒரு முறைகூட அதை ஆடியதில்லை என்பது அன்றுதான் வெளிப்பட்டது. கட்டட வேலை நடந்த இடத்தில் கிடந்த தரையோட்டுச் சில்லுகளையும் கருங்கல் துண்டுகளையும் பொறுக்கி வந்து குவித்தார்கள். எது அடிக்கல் என்பதில் சச்சரவு. நீள அகலம் பார்த்தான் ஒருவன். வழுவழுப்பு கூடாது என்றான் மற்றொருவன். நிரல் எழுதியவன் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, நீங்களே சொல்லுங்க, எதை வைக்கலாம்?" என்றார் மாணவி. நாமும் குனிந்து தேடி, பட்டறிவின் மிடுக்கோடு ஒரு கடப்பைத் துண்டை எடுத்துக் கொடுத்தோம். வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "இதுல ஒரு பக்கம் தூக்குதுங்கய்யா" என்று சொல்லி அதை அப்பால் வைத்துவிட்டார்.